வலது கை

இன்ஸ்பெக்டர் பெயரில் வந்த செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் தன் சேனலில் போட்டுவிட்டுத்தான் நிருபர் தில்லைநாயகம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். மற்றவர்களை முந்துவதற்கு அவர் கண்ட வழி அது. செயின் பறித்த இளைஞன் போலீஸைக் கண்டு பாலத்திலிருந்து குதித்தான், வலது கை முறிந்தது என்பது செய்தி. மாவுக்கட்டோடு ஒரு போட்டோதான் பாக்கி.

உள்ளே பெஞ்சில் அந்த இளைஞன் டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் வலது கையில் இருந்தது. கேமராவைப் பார்த்ததும் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சலாம் வைத்தான்.

"டிவியாண்ணே? கூப்பிட்டாங்க, நானே வந்துட்டேன்னு போடுங்கண்ணே."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "என்ன தில்லை, அதுக்குள்ள வந்துட்டீங்க? ஸ்டேஷன் ரைட்டர் அவசரப்பட்டு முன்னாடியே அனுப்பிட்டான். வெளிய போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க."

"சார், நான் நியூஸை எடுத்துடறேன்."

"எதுக்கு? ஊரே பாத்தாச்சு. எஸ்.பி.யும் பாத்துட்டு நல்ல வேலைன்னுட்டார். இனிமே அதைப் பொய்யாக்க முடியுமா?"

இரண்டு போலீஸ்காரர்கள் பெஞ்சுக்கு அருகில் வந்து நின்றார்கள். ஒருவர் டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்தார். இளைஞன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தில்லைநாயகம் சட்டென்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டார். டீயின் சூடு அதில் மிச்சமிருந்தது.

"கைய விடுங்க தில்லை," என்றார் இன்ஸ்பெக்டர், குரலை உயர்த்தாமல். "நாளைக்கும் உங்களுக்கு நியூஸ் வேணும்ல?"