முன் வண்டி

ஆலைக்குப் போகிற ரோட்டில், இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரம் குறுக்கே கிடக்கிறது. விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் அதன் இலைகள் இன்னும் வாடவில்லை. வேடியப்பனின் கரும்பு வண்டி அதன்முன் நிற்கிறது. மாடுகள் புளியங்கொழுந்தை மோந்து பார்க்க, கழுத்து மணி ஒருமுறை கிணுங்கி ஓய்கிறது. வண்டியின் பின்புறம் காத்தவராயனின் லாந்தர் ஆடாமல் எரிகிறது. அரைஞாண் கயிறோடு திரிந்த வயதிலிருந்து வேடியப்பனுக்குச் சிநேகிதர். போன மாதம் செத்துப்போனார். லாந்தரை அவர் மனைவிதான் கொண்டுவந்து மாட்டினாள். ஆலைக்குப் போகும்போதெல்லாம் காத்தவராயன் விழித்திருந்து முன்னால் ஓட்டுவார். அவர் வண்டியின் பின்னால் தொங்கும் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வேடியப்பனின் மாடுகள் நடக்கும். வேடியப்பன் கரும்பின்மேல் தூங்குவார். இன்று மாடுகள் பழக்கத்தில் இங்கேவரை வந்துவிட்டன. மரத்தண்டை காவலிருக்கிற ஆள் எழுந்து வருகிறான். "பெரியவரே, இன்னிக்கு ரோடு தொறக்காதுங்க. ஏரிக்கரையாண்ட ஒரு வண்டிப்பாத இருக்குதாமே, தெரியாதா?" "எனுக்கு இன்னாப்பா தெரியும், நான் தூங்கிக்கினே வந்தவன்," என்று வேடியப்பன் சிரிக்கிறார். "முன்னாடி வண்டிக்காரனக் கேளு, அவனுக்கு எல்லா வழியும் தெரியும்." சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிறார். நீட்டிய கை அப்படியே நிற்கிறது. எதிரே மரமும் பனியும்தான். லாந்தர் அவருக்குப் பின்னால் எரிகிறது.