களிம்பு பட்ட விரல்

பல் முளைக்கிற பிள்ளை நாள்கணக்கில் தூங்காமல் வீறிட்டதால் அமலி மருந்துக்கடைக்குப் போனாள். "இந்த சிரப்பக் குடுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாம்மா. இந்தக் களிம்பு ஈறை மட்டும் மரத்துப்போக வைக்கும்" என்றார் கடைக்காரர். தூக்க மருந்துக்குப் பயந்து அவள் களிம்பையே வாங்கிவந்தாள். ஆள்காட்டி விரலால் ஈறில் தேய்த்தாள். அழுகை நிற்கவில்லை. மறுபடி தேய்த்தாள், மறுபடியும். பிள்ளை சட்டென்று அடங்கிப்போனான். அந்த விரலையே அவன் மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சு ஒன்றும் உறைக்கவில்லை. விரலும்தான் மரத்துப்போயிருந்தது. களிம்பு படாத இடதுகை மடியிலேயே கிடந்தது. அதை நீட்ட அவளுக்குத் துணிவு வரவில்லை. "தூங்கிட்டானா?" என்று அடுப்படியிலிருந்து கணவன் கேட்டான். "சத்தம் போடாதீங்க, எந்திரிச்சிருவான்" என்றாள்.