குழாய்க்குப் பூசிய காகிதப் பசை

"டீச்சர்! உங்க சிங்க் தண்ணி திரும்பவும் என் அடுப்பு மேல ஒழுகுது. பைப்பை எதை வச்சுத்தான் ஒட்டுறீங்க?" கீழ்வீட்டுப் பூங்கோதை மாடிப்படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"பசை வச்சுத்தாம்மா, வேறென்ன?" லூர்துமேரி டீச்சர் கதவை அகலத் திறந்தார். "உள்ள வந்து திட்டேன். டீ போட்டிருக்கேன்."

அது காகிதப்பூ ஒட்டுகிற வெள்ளைப் பசை. தண்ணீர் பட்டால் மூன்றே நாளில் கரைந்துவிடும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கைவேலை சொல்லிக்கொடுத்தவருக்கு இது தெரியாது என்றால் எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? பைப்புக்கான சொல்யூஷன் டப்பா அலமாரியில் மூடி திறக்காமலே இருந்தது. அதைப் போட்டால் ஒட்டியது ஒட்டியதுதான். அப்புறம் அந்தப் படியில் யார் செருப்புச் சத்தம் கேட்கும்?

மூன்று நாளைக்கொரு சண்டை, சண்டைக்கொரு டீ. ஐந்தாவது சண்டைக்குப் பூங்கோதை பிளம்பர் செங்குட்டுவனைக் கையோடு கூட்டிவந்தாள். "இதுக்குப் போயி யாருங்க பேப்பர் பசை பூசினது?" என்று அவன் சிரித்தான். நாற்பது வயதுவரை சிரித்தே யாரும் பார்க்காத பூங்கோதையும் சிரித்துவிட்டாள். டீச்சர் மூன்றாவது டம்ளரைத் தேடி எடுத்துவருவதற்குள் அவன் எல்லா இணைப்பையும் சொல்யூஷன் போட்டு இறுக்கிவிட்டான்.

தை மாதம் அவர்களுக்குக் கல்யாணம். மாசியில் ஓசூருக்குப் போய்விட்டார்கள். கீழ்வீட்டில் இப்போது ஏதோ கம்பெனியின் அட்டைப்பெட்டிகள் குடியிருக்கின்றன.