பழகிய செடி

செம்மலரின் ஆராய்ச்சி தொட்டாற்சிணுங்கியைப் பற்றியது. ஒரே செடியைத் தினமும் தொட்டுக்கொண்டே இருந்தால், பயப்பட ஒன்றுமில்லை என்று புரிந்து அது சுருங்குவதை நிறுத்திவிடுமா? "செடியாவது பழகுறதாவது!" என்று பேராசிரியர்கூடச் சிரித்தார். ஆனால் பழகிவிட்டது. அவள் விரல் பட்டாலும் இப்போது இலைகள் விரிந்தபடியே வெயில் காய்கின்றன. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் சாப்பிடுவாள், பாட்டுக் கேட்பாள், என்றாவது கடலோரத்தில் வாங்கப்போகும் வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அதனிடமே யோசனை கேட்பாள்.

அன்று மதியம் அம்மா போனில் அழைத்தாள்.

"எப்பத்தான்டி இந்த ஆராய்ச்சிய முடிப்ப? போதும், விட்டுட்டு வீட்டுக்கு வந்துரு."

வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய கேள்வி. செம்மலரின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"முடிச்சுருவேன்மா" என்று சிரித்தாள்.

காற்றுகூட அசையவில்லை. பக்கத்தில் அந்தச் செடி, யாரும் தொடாமலே, இலை இலையாக மூடிக்கொண்டிருந்தது.