பின்னால் ஓடுவது

கம்ப்யூட்டர் மேசைக்கு நேர் மேலே சுவரில் ஓர் இளம்பெண்ணின் படம் தொங்கியது. பூமாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, பக்கத்தில் சின்னச் சிவப்பு பல்பு ஒன்றையும் எரியவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் நஸீப் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மகளா ஐயா?"

"நிரோஷினி," என்றார் திருச்செல்வம். "எங்களுக்கு அவ இல்லேன்னு ஆகி நாலு வருஷமாச்சு தம்பி."

கட்டுகஸ்தோட்டையில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன் நஸீப். திருச்செல்வம் மாநகரசபையில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் ரொம்ப இழுக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று காலையில் போன் பண்ணியிருந்தார். அந்த வீட்டில் ஒரே ஒரு பட்டன் போன்தான், அதுவும் அவர் சட்டைப் பையில்.

திரையில் விரல் வைக்க இடமில்லாமல் ஐகன்கள் நிறைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் பெயருக்குப் பதில் தேதிதான். தான் ஒன்றுகூடப் போடவில்லை என்றும், தானாக வந்து விழுகிற குப்பை என்றே இத்தனை நாளும் திறக்காமல் விட்டிருந்ததாகவும் அவர் சொன்னார். இதனால்தானே மெஷின் இழுக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார்.

"ஐகன் கூடினதால பெருசா ஸ்லோவாகாது ஐயா," என்றான் நஸீப். "கண்ணுக்குத் தெரியாம பின்னால என்னமோ ஓடும். அதுதான் இழுக்கும்."

திருச்செல்வத்தின் முகம் வெளுத்தது. கதிரையை அவன் பக்கம் நெருக்கிப் போட்டுக்கொண்டார். அறை வாசலில் நின்ற மனைவி வடிவம்மாவுக்குக் கேட்காதபடி, கூப்பிட்ட உண்மைக் காரணத்தை அப்போதுதான் சொன்னார்.

தினமும் நாலரைக்கு அவர் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். போன வாரம் முழங்கால் வீங்கி வீட்டிலேயே இருந்தார். சரியாக ஐந்து மணிக்கு, யாரும் தொடாமல், அம்புக்குறி திரையில் ஊர்ந்து போயிற்று. மறுநாளும் அப்படியே. வடிவம்மாவா என்றால், அவளுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது. இது மகள் படித்த கம்ப்யூட்டர். அவளுக்குப் பிறகு அவர் காலையில் அதில் பேப்பர் படிப்பதோடு சரி.

"செத்தவங்க இப்பிடி வருவாங்களா தம்பி?"

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே மகாவலி ஆற்றின் இரைச்சல் கேட்டது. பின்னால் ஓடும் புரோகிராம்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த நஸீபின் கை ஓரிடத்தில் நின்றது.

வெளியே எங்கிருந்தோ ஒருவர் இந்த மெஷினை இயக்குவதற்கான புரோகிராம் அது. நாலு வருஷத்துக்கு முந்தியே போட்டது. இங்கே வந்து போகிற மற்ற மெஷினின் பெயர் என்ன என்று திறந்து பார்த்தான். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

நிரோஷினி.

யாரோ அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்று நஸீப் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். இதை நிறுத்திவிடலாமா என்று கேட்டான். நிறுத்து, இப்போதே நிறுத்து என்றார் திருச்செல்வம். வாசலில் வடிவம்மா கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

நிறுத்தப் போன நேரத்தில் அம்புக்குறி அவன் பிடியிலிருந்து நழுவியது. மணி ஐந்து.

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அம்பு நிதானமாக மேலே போயிற்று. அன்றைய தேதியோடு புதிய ஐகன் ஒன்று திரையில் வந்து விழுந்தது. அம்பு அதன்மேல் போய் நின்று, தானே அதைத் திறந்தது.

ஒரு குழந்தையின் படம். பாயில் உட்கார்ந்து, இரண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அகன்ற நெற்றி, இடது கன்னத்தில் குழி. நஸீபின் பார்வை அவனையறியாமல் சுவருக்குப் போய்த் திரும்பியது. அதே நெற்றி, அதே குழி.

திருச்செல்வம் இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவதான். எட்டு மாசத்துல இப்பிடியேதான் இருந்தா," என்றார். பிறகு யாரிடமும் இல்லாமல், "நான் சொன்ன வாய் பலிச்சிருச்சு. நெசமாவே போயிட்டா," என்று முனகினார்.

என்ன சொன்னார், எது பலித்தது என்று நஸீபுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிடலாம் என்று குனிந்தான்.

வடிவம்மா உள்ளே வந்து அவன் கையைத் தடுத்தாள். அவன் வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. திரையிலிருந்த குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு, கணவரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அது நிரோஷினி இல்லங்க. நீங்க செத்துட்டான்னு தலைமுழுகின அவ, இந்தத் தையில பெத்த புள்ள."