முதல் சிரிப்பு

இன்றைக்கும் யாரும் சிரிக்காவிட்டால் நாளை முதல் வேறு எழுத்தாளர் என்று முகேஷிடம் தயாரிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டிவியில் நள்ளிரவில் வரும் இந்தி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பகலிலேயே படப்பிடிப்பு. பார்வையாளர்களாகத் தாராவியிலிருந்து ஒரு பஸ் நிறையத் தமிழ்ப் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். முகேஷ் கேமரா பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மேடையில் நடிகர் வாயைத் திறந்ததுதான் தாமதம், அவர்களில் முன்வரிசையில் இருந்த சீனியம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு அரங்கமே. ஒவ்வொரு ஜோக்குக்கும் முதல் சிரிப்பு அவளுடையதுதான்.

வேலை தப்பியது. முகேஷும் தமிழன்தான்; பஸ் கிளம்புமுன் ஓடிப்போய் ஏறினான்.

"அக்கா, ரொம்ப நன்றி! எல்லாம் நான் எழுதின ஜோக்குதான். எது பிடிச்சுது?"

"ஜோக்கா?" சீனியம்மாள் விழித்தாள். "ஊர்லேருந்து வந்து ஒரு மாசந்தான் ஆகுது. எனக்கு இந்தி எங்க தெரியும் தம்பி? கேமரா பக்கத்துல ஒரு கோட்டிக்காரன், காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, மேடையில பேசுத ஆளுக்கு முன்னாடியே வாயை வாயை அசைச்சுக்கிட்டு நின்னான். அவனைப் பாத்துத்தான்..."

சட்டென்று நிறுத்தினாள். முகேஷின் கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் சிரிப்பு அவளுடையதுதான். பிறகு பஸ்ஸே சிரித்தது.