கிண்ணத்துக்குள் பட்டன்

அவள் பெயரைக் கூப்பிட்டதும் வகுப்பே கை தட்டியது. கதவோரம் நின்ற அவள் புருஷன் மட்டும் தட்டவில்லை.

முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். அதன் வலது கை கால்சட்டைப் பைக்குள் போயிருந்தது. இடது கட்டைவிரலில் எண்ணெய் பட்டுக் கறுத்த ஒரு துணிக் கட்டு.

"யாருக்கா அது, துரை மாதிரி பையில கையை விட்டுக்கிட்டு?" பக்கத்துப் பெஞ்சுப் பெண் காதைக் கடித்தாள். அந்தப் பெண்ணின் அம்மாவைவிட இவளுக்கு இரண்டு வயது கூடுதல்.

"என் வீட்டுக்காரர்டி."

"ஐயய்யோ, சாரிக்கா!"

தகடு வெட்டி வாஷர் போடும் பிரஸ் ஷாப்பில் பகலெல்லாம் வெட்டுவிளிம்புப் பிசிறு தேய்ப்பாள். மாலையில் கையைக் கழுவிக்கொண்டு இன்ஜினியரிங் வகுப்புக்கு ஓடி வருவாள். நாற்பதைத் தாண்டிய பிறகு பிடித்த இந்த ஓட்டத்துக்கு நாலு வருஷம் ஆகிவிட்டது.

இன்று ப்ராஜெக்ட் தேர்வு. ஷாப் முதலாளியும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவள் செய்த கருவி ஷாப்புக்குள் போய்விடும்.

அதுதான் புருஷனுக்கு ஆகவில்லை. அவனும் அதே ஷாப்பில்தான் பிரஸ் ஓட்டுகிறான். "உன் பொண்டாட்டி இன்ஜினியர் ஆகி நம்ம வயித்துலதான் முதல்ல அடிக்கப் போறா" என்று சாப்பாட்டு நேரத்தில் கூட இருப்பவர்கள் குத்திக்கொண்டே இருந்தார்கள்.

காலையில்கூடக் கெஞ்சிப் பார்த்தான். "நீ பாஸ் பண்ணு, நான் வேணாங்கல. அந்தக் கருவியை மட்டும் முதலாளி கண்ணுல காட்டாதே. கால்ல மிதிச்சா மெஷின் ஓடுது, உருப்படி விழுது. அந்த மெஷினை விட்டா எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

அவள் கருவியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மேசைமேல் சின்னதாக ஒரு மாதிரி பிரஸ் இருந்தது. அச்சுக்கு நடுவே ஒரு சாக்பீஸை வைத்துவிட்டுக் கால்மிதியை அழுத்தினாள். 'டக்' என்றது. சாக்பீஸ் மாவாகிக் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"எங்க ஷாப்புல இப்ப இருக்கிறது இதுதான் சார். கால் அதுபாட்டுக்கு மிதிக்கும். கை உள்ள இருக்கிறது காலுக்குத் தெரியாது."

மிதியைக் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக, சின்னக் கிண்ணங்களுக்குள் இரண்டு பட்டன் பதித்த பலகையை மாட்டினாள். இரண்டையும் அழுத்தினாள். அவசரத்தில் ஒன்று முந்தி, ஒன்று பிந்தி அழுந்தியது. பிரஸ் மரம் மாதிரி நின்றது.

கதவோரத்தில் அவன் முகம் ஒரு கணம் தெளிந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை இரண்டும் ஒன்றாக அழுந்தின. பிரஸ் இறங்கி ஏறியது. "ரெண்டு கையும் பட்டன்மேல இருந்தாத்தான் இறங்கும் சார்."

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் லேசுப்பட்ட ஆள் இல்லை. மெஷின்களோடும் மெஷின் ஓட்டுகிறவர்களோடும் புழங்கியவர். "ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டு, மத்ததை மட்டும் தட்டுவாங்களே, அதுக்கு என்ன பண்ணுவே?"

"ஒட்டினா ஓடாது சார். ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் விட்டுட்டு, மறுபடி சேர்ந்தாப்புல அழுத்தணும்."

"சரி. பட்டன் எதுக்குக் கிண்ணத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு?"

"முழங்கையால அழுத்திடக் கூடாது சார். விரல் உள்ள போனாத்தான் அழுந்தும்."

"முழங்கையால எவன்மா அழுத்துவான்?"

"அழுத்துவாங்க சார்" என்றாள், கதவுப் பக்கம் பார்க்காமல்.

தேர்வாளர் தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினார். முதலாளி எழுந்தே விட்டார். "திங்கக்கிழமையிலேர்ந்து எல்லா மெஷினுக்கும் இதுதான். ஒரு கால்மிதி இருக்கக் கூடாது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாயையும் அடைச்ச மாதிரி ஆச்சு. நீயும் இனிமே பிசிறு தேய்க்க வேணாம்மா, ஆபீசுக்கு வந்துடு."

மறுபடியும் கைதட்டல். பக்கத்துப் பெஞ்சுப் பெண் விசில்கூட அடித்தாள். கதவோரம் இப்போது யாரும் இல்லை.

மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தான் அவன்.

"எல்லா மெஷினுக்குமாமே. என் மெஷினுக்குமா?"

"உன் மெஷினுக்கும்தான்."

அவன் திரும்பி, கால்சட்டைப் பையிலிருந்ததை வெளியே உருவினான். சட்டையின் கை மட்டும் வந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் அது ஜன்னல் காற்றில் ஆடியது.

"ரெண்டு பட்டன் வெச்சிருக்கியே, நான் எதை வெச்சுடி அழுத்துவேன்?" வெறும் சட்டைக் கையை அவள் முன்னால் ஆட்டினான். "அத்தனை படிச்சவளுக்கு இது தெரியாமப் போச்சா?"

அவள் அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தாநாள், வலது கையைத் தின்ற அதே பிரஸ்ஸில் மயிரிழையில் தப்பிய கட்டைவிரல். துணிக் கட்டின் ஓரத்தில் இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"தெரியும்யா. அதுக்குத்தான் படிச்சேன்."